வெள்ளத்தின் ஓரத்தில் நின்ற குதிரை



2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆண்டின் பெரும்பகுதி மணலும் முட்புதருமாகக் கிடக்கும் அந்த ஆறு, செந்நிறமாய்ப் பெருகி வந்தபோது மேல்விஷாரத்திலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் ஜனங்கள் குடைபிடித்துக்கொண்டு பார்க்கப் போனார்கள். நானும் போனேன். அந்த நாட்களில் ஒரு மாலை, நீர் மூடிக்கிடந்த ஒரு தரைப்பாலத்தின் முன்னே ஓர் இளைஞன் தன் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நின்றான். பின்னால் நின்ற நண்பர்கள், “போயிடலாம்டா, முழங்கால் தண்ணிதான்” என்று ஊக்கினார்கள். அவன் போனான். பாதி வழியில் வண்டி சாய்ந்தது. கரையில் நின்றவர்கள் கயிறு வீசி அவனை இழுத்தார்கள். வண்டி போயிற்று, பிள்ளை பிழைத்தான்.

அன்றிரவு ஓர் எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. மோட்டார் சைக்கிள் கேள்வி கேட்பதில்லை. கையைத் திருகினால் வெள்ளத்திலும் இறங்கும், பள்ளத்திலும் இறங்கும். அவன் ஒரு குதிரையின்மேல் அமர்ந்திருந்தால், அது அந்த நீரின் ஓரத்தில் ஒரு தடவையாவது நின்றிருக்கும்.

வெள்ளம், குதிரை, ஓர் இளைஞன் என்ற இம்மூன்றும் சேர்ந்த ஒரு சரித்திரம் நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. பாலாற்றுப் பாலத்தைக் கடந்து நாம் அடிக்கடி போய்வரும் இராணிப்பேட்டையின் பெயரே அந்தச் சரித்திரத்தின் எச்சம்தான். 2019 முதல் நம்முடைய மாவட்டத்துக்கும் அதுவே பெயர். எந்த ராணி என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. அவள் செஞ்சிக்கோட்டையை ஆண்ட தேஜ்சிங்கின் இளம் மனைவி. தேஜ்சிங்கைத்தான் தமிழ் மக்கள் தேசிங்குராஜன் என்று பாடிவருகிறார்கள்.

செஞ்சிக்கோட்டையை முகலாயப் படை எட்டாண்டு முற்றுகைக்குப் பின்பு 1698-இல் பிடித்தது. அதன்பின் புந்தேலா ராஜபுத்திரனாகிய சொரூப்சிங்கை ஔரங்கசீப் அங்கே கோட்டைத் தலைவனாக அமர்த்தினார். 1714-இல் சொரூப்சிங் மறைந்தபோது மகன் தேஜ்சிங் பொறுப்பேற்றான். வயது இருபதைச் சிறிது கடந்தவன். ஆற்காட்டில் அப்போது நவாபாக இருந்தவர் சாதத்துல்லா கான். செலுத்தவேண்டிய நிலுவைத் தொகையைக் கட்டு என்பது நவாபின் கட்டளை. ஔரங்கசீப் அளித்த பட்டயம் எங்களிடம் இருக்கிறது, ஆற்காட்டுக்கு நான் அடங்கவேண்டியதில்லை என்பது தேஜ்சிங்கின் மறுமொழி. ஆக, சண்டையின் வேர் வரிப்பணமும் அதிகார எல்லையும்தான். இதை மதச்சண்டையாக்கிச் சொல்லுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குத் தேசிங்கின் உயிர்த்தோழன் மகபத்கானைத் தெரியாது போலும். கதைப்பாடலின்படி, திருமணக்கோலத்தில் இருந்த அந்த முஸ்லிம் வாலிபன் நண்பனுக்கு ஆபத்து என்று கேட்டவுடனே மணவறையை விட்டு எழுந்து குதிரையேறினான். நவாபின் படைக்கு எதிராகப் போரிட்டு அவனும் மடிந்தான். நம்முடைய ஊரில் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஆலயமணியும் ஒரே தெருவில் கேட்கின்றன. இந்தத் தோழமையை நாம் அறிந்திருப்பது நல்லது.

ஏடுகளில் எழுதியவர்கள் அரசனையும் நிலுவையையும் பற்றி எழுதினார்கள். குதிரையைப் பற்றி விரிவாகச் சொன்னவர்கள் பாடகர்களே. தில்லியில் யாருக்கும் அடங்காத ஒரு குதிரை இருந்ததாம். ஏறியவர்களையெல்லாம் அது எறிந்துவிடுமாம். அதை அடக்க முடியாமல் தேசிங்கின் குடும்பத்துப் பெரியவரே சிறைப்பட்டார் என்றும், வாலிபப் பருவத்திலேயே தேசிங்கு தில்லிக்குப் போய் அதன்மேல் ஏறி அடக்கி, பெரியவரையும் மீட்டு, அந்தக் குதிரையையும் பரிசாகப் பெற்று வந்தான் என்றும் கதை விரிகிறது. குதிரையின் பெயர் பாராசாரி. நீலவேணி என்ற பெயரும் இக்கதையில் ஒலிக்கும். கிராமத்துக் கூத்துமேடையில் இந்தக் குதிரைச் சவாரிக் கட்டம் வரும்போது தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தைகளும் எழுந்துவிடும்.

பின்பு வருகிறது அந்த அக்டோபர் மாதம். 1714, அக்டோபர் 3 என்று வரலாற்று நூல்கள் நாள் குறிக்கின்றன. வடகிழக்குப் பருவமழை இந்நாட்டில் கண்விழிக்கும் காலம் அது. நவாபின் பெரும்படை செஞ்சியை நெருங்கிவிட்டது. தேசிங்கின் பக்கத்திலோ சில நூறு குதிரை வீரர்களே இருந்தார்கள். இடையில் வராக நதி. சங்கராபரணி என்றும் அதை அழைப்பார்கள். மழையால் அது பெருக்கெடுத்திருந்தது. புறப்படுமுன் சிங்கவரம் அரங்கநாதர் சந்நிதியில் அவன் விடை கேட்டபோது, இன்று போகவேண்டாம் என்பதுபோல் தெய்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று அவ்வட்டாரத்து மக்கள் இன்றும் சொல்லுகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் இங்கே ஆராயவில்லை. கதை சொன்னவர்களின் மனத்தைத்தான் கவனிக்கிறேன். யாராவது ஒருவர் அவனைத் தடுத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஏங்கியிருக்கிறார்கள்.

அவன் நிற்கவில்லை. வெள்ளத்தில் குதிரையை இறக்கினான். பின்வந்தவர்களில் பலர் தயங்கி நின்றுவிட, சிலரோடு மட்டுமே அக்கரை ஏறினான் என்பதே நமக்கு வந்துசேர்ந்திருக்கும் செய்தி. அக்கரையில் நடந்த போர் நீண்ட போராக இருந்திருக்க முடியாது. நண்பன் வீழ்ந்தான், குதிரை வீழ்ந்தது, அவனும் வீழ்ந்தான்.

இவ்விடத்தில் சற்று நின்று, குதிரையின் பக்கமிருந்து அந்த ஆற்றைப் பார்ப்போம்.

குதிரை நம் மண்ணுக்கு விருந்தாளி. கடல்வழியே குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்லுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகள் விலைக்கு வாங்கப்படுவதையும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவை மடிவதையும், வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் அவற்றுக்குத் தீனியாக இடுவதையும் கண்டு வியந்து எழுதினார். அரபு நாட்டிலும் பாரசீகத்திலும் வறண்ட நிலத்தில் வளர்ந்த இனம் அது. நம்முடைய இடியும் சேறும் அதற்குப் பழக்கமில்லாதவை.

அதன் கண்கள் தலையின் இருபக்கத்திலும் அமைந்திருக்கின்றன. ஆகவே ஏறக்குறையத் தன்னைச் சுற்றியுள்ள யாவற்றையும் அது ஒரே நேரத்தில் பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும், வாலுக்கு நேர் பின்னாலும் உள்ள சிறு இடம் அதற்குத் தெரியாது. தரையில் தேங்கிய நீரின் ஆழத்தை அறிய அது தலையைத் தாழ்த்தி முகர்ந்து பார்க்கவேண்டும். சவாரி செய்கிறவன் கடிவாளத்தை இழுத்துத் தலையை உயர்த்திப் பிடித்தானானால் அந்த வழியும் அடைபட்டுப்போகிறது. ஓட்டத்தினாலேயே உயிர்தப்பி வந்த இனம் அது. எதிரியின் வரவைக் காதாலும் மூக்காலும் முன்கூட்டி அறிந்து ஓடும். பெருங்காற்று அடிக்கும்போது வாசனைகள் சிதறுகின்றன, ஒலிகள் குழம்புகின்றன. எங்கிருந்து ஆபத்து வரும் என்று தெரியாமற்போகிறது. அதனால்தான் சாதுவான குதிரையும் புயல்நாளில் மிரளுகிறது. திறந்தவெளியில் விட்டுவிட்டால் காற்றுக்கு முதுகைக் காட்டித் தலையைத் தாழ்த்தி அசையாமல் நிற்கும். அதுவே அதற்குத் தெரிந்த ஞானம்.

நம் ஊரில் இன்னொன்றைச் சொன்னால் உடனே விளங்கும். சேணமும் வாரும் கடிவாளமும் தோலால் ஆனவை. தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ஆவாரம்பட்டையில் எவ்வளவு நன்றாகப் பதனிட்ட தோலானாலும் நீரில் ஊறினால் நெகிழும், வழுக்கும். வயிற்றுவார் தளர்ந்தால் சேணம் பக்கவாட்டில் நழுவும். மழையில் குதிரையேறுகிறவன் தன் உயிரைக் குதிரையிடம் மட்டுமல்ல, முகமறியாத ஒரு தொழிலாளியின் கைவேலையிடமும் ஒப்புவிக்கிறான்.

மேலிருப்பவனின் பயம் கீழிருப்பதற்குத் தெரியுமா? 2009-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். சிலரைக் குதிரையோடு ஒரே பாதையில் நான்குமுறை போகச் செய்தார்கள். நான்காம் முறை குதிரைக்கு முன்னால் ஒரு குடை சடாரென்று விரிக்கப்படும் என்று அவர்களிடம் சொல்லிவைத்தார்கள். குடையை யாரும் விரிக்கவில்லை. ஆயினும் அந்த முறை மனிதரின் இதயத் துடிப்பு உயர்ந்தது. ஒன்றும் அறியாத குதிரையின் துடிப்பும் கூடவே உயர்ந்தது. அன்று ஆற்றங்கரையில் தேசிங்கின் நெஞ்சு எப்படித் துடித்ததோ, அவன் தொடைகளுக்குக் கீழே அந்தத் துடிப்பை உணர்ந்த ஓர் உயிர் இருந்தது.

தேசிங்கின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அலெக்சாண்டரின் நினைவு வரும். புளூட்டார்க் எழுதியதை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். யாரையும் ஏறவிடாத பூசிபாலஸ் என்ற குதிரை தன் நிழலைக் கண்டே மிரளுகிறது என்று சிறுவன் அலெக்சாண்டர் கண்டுகொண்டான். அதைச் சூரியனுக்கு எதிராகத் திருப்பி நிறுத்தினான். நிழல் பின்னால் விழுந்தது. அதன்பிறகே ஏறினான். பல ஆண்டுகள் கழித்து, கி.மு. 326-இல், அதே மனிதன் ஜீலம் நதிக்கரையில் வந்து நின்றான். நதி பெருகியிருந்தது. எதிர்க்கரையில் போரஸ் மன்னன் யானைகளை வரிசையாக நிறுத்தியிருந்தான். தெப்பத்தில் ஏற்றிக் கொண்டுபோனால் யானைகளைப் பார்த்தவுடனே குதிரைகள் வெருண்டு ஆற்றில் குதித்துவிடும் என்று அலெக்சாண்டர் கணித்ததாக ஆரியன் என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார். ஆகையால் அவன் நேரே கடக்கவில்லை. இரவு நேரத்தில் ஆற்றின் மேற்பகுதிக்கு வெகுதூரம் போய், மரங்கள் அடர்ந்த ஒரு தீவின் மறைவில் கடந்தான். அன்றிரவு இடியும் மின்னலும் பெருமழையுமாயிருந்தது. கரை என்று நினைத்து ஏறிய இடம் இன்னொரு தீவு என்று தெரிந்தபோது மறுபடியும் நீரில் இறங்க நேர்ந்தது. வீரர்களுக்கு மார்பளவு, குதிரைகளுக்குத் தலை மட்டுமே வெளியே.

அலெக்சாண்டரை நான் உத்தமனாகக் காட்டவில்லை. பிறர் நாட்டின்மேல் படையெடுத்துச் சென்றவன் அவன்; தேசிங்கோ தன் வீட்டு வாசலில் நின்றவன். இருவரும் அடங்காத குதிரையை அடக்கினார்கள், இருவரும் வெள்ளத்தைக் கடந்தார்கள். ஒருவன் குதிரையின் பயத்தைத் தன் திட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டான். மற்றவனுக்கு, ஒருமுறை அடக்கிவிட்ட குதிரை இனி எங்கேயும் போகும் என்ற நம்பிக்கை இருந்திருக்கவேண்டும். வாலிபத்தின் வெற்றி கொடுக்கும் குருட்டுத்தனம் அது. போருக்குப் பின்பு பூசிபாலஸ் இறந்தது. அதன் பெயரால் அலெக்சாண்டர் நதிக்கரையில் ஒரு நகரத்தை எழுப்பினான்.

இங்கேயும் ஒரு நகரம் எழும்பிற்று. தேசிங்கின் மனைவி கணவனின் சிதையில் தன்னை மாய்த்துக்கொண்டாள். அதைக் கேட்டு மனம்நெகிழ்ந்த நவாப் சாதத்துல்லா கான், ஆற்காட்டுக்கு எதிரே, பாலாற்றின் வடகரையில் அவள் நினைவாக ஓர் ஊரை ஏற்படுத்தினார். இராஜா, ராணி பெயரால் நினைவுச் சின்னங்களும் அந்தக் கரையில் உண்டு. தோற்ற எதிரியின் மனைவிக்கு வென்றவன் செய்த மரியாதை என்று இதைப் புகழ்வார்கள். நானும் ஒருகாலத்தில் பிரசங்கத்தில் புகழ்ந்திருக்கிறேன். இப்போது அவ்வளவு எளிதாகச் சொல்ல நாவு எழவில்லை. ஓர் இளம்பெண்ணுக்கு ஊரின் பெயர் கிடைத்தது, ஜீவன் கிடைக்கவில்லை. ஆற்றோரத்தில் ஓர் ஆண்மகன் எடுத்த முடிவின் விலையில் அவள் பங்கும் இருந்தது. அந்த முடிவில் அவளைக் கேட்டவர் யார்?

வேதத்தில் குதிரைக்குப் புகழ் இல்லாமலில்லை. யோபுவின் புத்தகம் 39-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் தாமே அதன் வலிமையைச் சொல்லிக்காட்டுகிறார். ஆனால் வழியில் நின்றுவிடும் மிருகத்தைப் பற்றி நினைக்கும்போது என் மனம் எண்ணாகமம் 22-ஆம் அதிகாரத்துக்கே போகிறது. பிலேயாம் தீர்க்கதரிசி, தரிசனம் காண்பது அவன் தொழில். வழியில் உருவின பட்டயத்தோடு நின்ற தூதனை அவன் காணவில்லை, அவனைச் சுமந்த கழுதை கண்டது. முதலில் வயலுக்குள் விலகிற்று. பின்பு சுவரோடு ஒட்டி அவன் காலை நெருக்கிற்று. மூன்றாம் முறை விலக இடமில்லாமல் படுத்துக்கொண்டது. மூன்று முறையும் அவன் அடித்தான். அந்தக் கழுதை விலகாதிருந்தால் உன்னைக் கொன்று அதை உயிரோடே விட்டிருப்பேன் என்ற பொருளில் தூதன் பின்பு பேசுகிறான். செமினரியில் படித்த நாட்களில் பேசும் கழுதையின் அற்புதத்தைப் பற்றியே நாங்கள் விவாதித்தோம். அது பேசுவதற்கு முன் மூன்று முறை நின்றது என்பதை அப்போது நான் ஊன்றிப் பார்க்கவில்லை.

ஒரு டிசம்பர் மாதம், நான் முன்பு ஊழியம் செய்த ஒரு சபையில், கிறிஸ்துமஸ் கேரல் பவனிக்குப் புறப்படும் வேளையில் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டது. வயதான ஒரு தாயார் என்னிடம் வந்து, “ஐயா, பிள்ளைங்க இருக்காங்க, நாளைக்குப் போகலாமே” என்றார். விசுவாசமுள்ளவர்களுக்கு மழை ஒரு தடையா என்று நான் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். நாங்கள் போனோம். மறுவாரம் நான்கு பிள்ளைகள் காய்ச்சலில் படுத்தார்கள். ஒரு குழந்தை கிறிஸ்துமஸ் நாளை மருத்துவமனையில் கழித்தது. அந்தத் தாயார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க மூன்று மாதம் ஆயிற்று. காப்பி போட்டுக் கொடுத்தார்.

இதை எழுதும்போது, இன்னும் பின்னே ஒரு மழைநாள் நினைவில் எழுகிறது. நான் சிறுவனாயிருந்தேன். இராணிப்பேட்டையில் உறவினர் ஒருவரைப் பார்த்துவிட்டு அப்பாவும் நானும் ஜட்கா வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டிக்காரர் ஒரு முதிய பாய். ஆற்றைத் தாண்டியபின், சாலை தாழ்ந்த ஓரிடத்தில் மழைநீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. இடி இடித்தது. குதிரை நின்றுவிட்டது. காதுகள் பின்னுக்குப் படிந்தன, உடல் நடுங்கிற்று. சாட்டையை எடுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கீழே இறங்கினார்.

“அடிச்சா போவாதா பாய்?” என்று கேட்டேன்.

“போவும் தம்பி. அப்புறம் நாம எங்க போவோம்னு தெரியாது” என்றார்.

குதிரையின் கழுத்தில் கைவைத்துக்கொண்டு, உருதுவில் ஏதோ மெல்லச் சொல்லியபடி, இடி ஓயும்வரை மழையில் நின்றார். அப்பா குடையை நீட்டியபோது, அது விரிந்தால் குதிரை மிரளும் என்று கையசைத்து மறுத்துவிட்டார். பின்பு சாட்டைக் கம்பைத் தலைகீழாகப் பிடித்து, அதன் அடியால் நீரின் ஆழத்தைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு முன்னே நடந்தார். முழங்காலுக்கு மேல் நனைந்தார். மறுபக்கம் போய்த் திரும்பி வந்து, கடிவாளத்தைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, தாம் நடந்த தடத்திலேயே அதை நடத்தினார். குதிரை ஒருமுறை தலையைத் தாழ்த்தி நீரை முகர்ந்தது. அவர் காத்திருந்தார். அது காலை வைத்தது.

வீடுவந்து சேர இரவு ஒன்பது மணி ஆயிற்று. அப்பா பேசிய கூலிக்குமேல் கொடுத்ததை அவர் வாங்கவில்லை. குதிரையின் முதுகில் சாக்கைப் போர்த்தியபடி, வண்டியில் ஏறாமல், அதன் பக்கத்திலேயே நடந்து போனார்.